சத்தம் குறைந்த படம்

மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிற இடம் தியேட்டர் என்று தெரிந்ததும் லென்ஸுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இருட்டில் உட்கார்ந்தால் யாரும் யார் முகத்தையும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. முக்கியமாக, அவள் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்குத் தன் கண்ணைக் கண்டுதான் பயம்.

லென்ஸ் என்பது வேலை செய்கிற இடத்தில் வைத்த பெயர். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே நாற்காலி. எதிரே ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை. அதற்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். மயிரிழை விரிசல், காற்றுக் குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் "ஒதுக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். பெல்ட்டின் மறுமுனையில் இருப்பவள் அந்த பாட்டிலை எடுத்துத் தொட்டியில் போடுவாள். அது மறுபடி உலைக்குப் போய்விடும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, பெட்டி அடுக்கும் பக்கம் மாற்றி விடுவார்கள். மற்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்து பதினைந்து ஒதுக்கினால் இவள் நாற்பது ஒதுக்குவாள். நாற்பதும் நிஜமாகவே பழுதாகத்தான் இருக்கும்.

பெயர் தொழிற்சாலையிலேயே நின்றிருந்தால் பரவாயில்லை. அண்ணி ஒருநாள் அங்கே சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போய், காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"பேரு வெச்சவங்க வாயில சர்க்கரையைத்தான் போடணும்" என்றாள் அண்ணி. "நாலு மாப்பிள்ளையை ஒதுக்கினவ ஆச்சே நீ."

நாலு பேர் என்பது உண்மைதான். முதலாமவன் கடையில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தவரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டான். இரண்டாமவன் புத்தகம் நிறையப் படிப்பேன் என்றான். அவன் அலமாரியில் இருந்த புத்தகங்கள் ஒன்றின் முதுகிலும் மடிப்பு விழவில்லை. மூன்றாமவன் பேசும்போதெல்லாம் மேஜைக்கடியில் போனைப் பார்த்தான். நாலாமவன் எல்லாவற்றிலும் ஒழுங்கு. ஆனால் அவனுடைய அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோது அவன் காலைக்கூட நகர்த்தி வழிவிடவில்லை. அவள் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. வீட்டில் இருப்பவர்களுக்கு எரிச்சல் மூட்டியதே அதுதான். பொய் சொல்லித் தட்டிக் கழித்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பார்கள்.

இந்த முறை அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டான்.

"படம் முடியறதுக்குள்ள பதில் சொல்லிடு. அவங்க அம்மா போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. ஆமான்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. இழுக்காத. இதுக்கு மேல நான் யாரையும் பார்க்கப் போறதில்ல."

அண்ணன் மிரட்டியதால் மட்டும் அவள் கலங்கவில்லை. அவளுக்கே ஆசை இருந்தது. இவனுடன் இரண்டு தடவை போனில் பேசியிருந்தாள். ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிற மெக்கானிக். முதல் தடவை ஒரு பூக்கடைக் குளிர்ப்பெட்டியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினான். உள்ளே பூக்கள் உறைந்துபோகவும் கூடாது, வாடவும் கூடாது, அந்த இரண்டு டிகிரிக்காக அரை நாள் தரையில் படுத்துக்கிடந்தேன் என்றான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையடிக்கவில்லை. போனை வைத்தபின் அவள் வெகுநேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்து, இன்றைக்கு என்ன பார்த்தேன் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்தது அன்றைக்குத்தான். முப்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு யோசனை வந்துவிட்டால் அதை விரட்டுவது சுலபமில்லை.

அதனால்தான் பயம். எங்கே நாம் எதையாவது பார்த்துத் தொலைத்துவிடப் போகிறோமோ என்று.

தியேட்டருக்கு அவளும் அண்ணியும் போய்ச் சேர்ந்தபோது அவன் முன்னாலேயே வந்திருந்தான். குளிர்பானம் விற்கிற பெட்டியின் பக்கத்தில், தலையைச் சாய்த்து, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவன் மாதிரி நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"இந்தப் பெட்டி இன்னும் ரெண்டு வாரம் தாங்காதுங்க" என்றான்.

அண்ணி லென்ஸின் இடுப்பில் இடித்தாள். "வணக்கம் சொல்ற அழகைப் பாரு."

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு முறையாக வணக்கம் சொல்லி, டிக்கெட்டை எடுத்து நீட்டினான்.

"என்ன படம்ங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"பேரு ஞாபகம் இல்லைங்க. வாரம் பூரா கம்ப்ரஸர் சத்தத்துலயே இருக்கேன். அதனால கவுன்டர்ல, எந்தப் படத்துல சத்தம் கம்மின்னு கேட்டேன். அந்தப் பொண்ணு இதைக் குடுத்துச்சு. காதல் படம்தானாம்."

"சத்தம் கம்மியான காதல் படமா!" என்றாள் அண்ணி. அவள் முகத்தைப் பார்த்தால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி விரதம் இருக்கச் சொன்னது மாதிரி இருந்தது.

மத்தியானக் காட்சி. பெரிய அரங்கில் மொத்தம் பதினோரு பேர். அண்ணி ஓரத்தில் உட்கார்ந்தாள், அடுத்து லென்ஸ். லென்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் ஒரு இருக்கையைக் காலியாக விடச் சொல்லி, அதில் பாப்கார்ன் வாளியை உட்கார்த்தி வைத்தாள் அண்ணி. "காவலுக்கு" என்றாள்.

படம் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. திரையில் ஒரு ஆறு இருந்தது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஆற்றின் மேல் வெளிச்சம் மெல்ல மாறியது; சாம்பல் நிறம், பிறகு ஈயத்தின் நிறம், பிறகு கழுவின அரிசித் தண்ணீரின் நிறம். வெகுநேரம் கழித்து இடது ஓரத்திலிருந்து ஒருவன் நடந்து வந்தான். ஆற்றுக்குள் ஒரு கல்தூண் நின்றது. அதில் கோடுகளும் எண்களும் எழுதியிருந்தன. அவன் குனிந்து தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தான். நோட்டில் எழுதினான். போய்விட்டான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். கரையில் ஒரு வீடு, வீட்டில் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு பெண். அவள் அவனைப் பார்க்கிறாள் என்பது மூன்றாவது நாள்தான் தெரிந்தது. நாலாவது நாள் ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி தம்ளரில் தண்ணீர் வைத்தாள். அவன் வந்து குடித்துவிட்டு, தம்ளரை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணி இறங்கிடுச்சா?" என்று ஜன்னலில் இருந்தவள் கேட்டாள்.

"இல்ல" என்றான் அவன்.

"அப்பாடா" என்றாள் அண்ணி. "ஊமைப் படம் இல்ல." அதைச் சொல்லி ஐந்து நிமிடத்தில் தலை ஒருபக்கம் சாய்ந்து, அவளிடமிருந்து சீராக மூச்சு வர ஆரம்பித்தது. முன் வரிசையில் ஒரு ஜோடி எழுந்து வெளியே போனது. பின்னால் யாரோ ஒருவர் வாய் கிழியக் கொட்டாவி விட்டார்.

லென்ஸுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவளுக்கு இது புதிதாக இருந்தது. பெல்ட்டில் ஒரு பாட்டிலுக்குக் கிடைக்கிற நேரம் இரண்டு நொடி. அதற்குள் பார்த்தாக வேண்டும். இங்கே ஒரு சுவரை, ஒரு கொடித்துணியை, ஒரு பெண்ணின் பிடரியை, இந்தா பார், இன்னும் பார், அவசரமே இல்லை என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். முதலில் கண் தேடியது. எங்கே பழுது, எங்கே பழுது என்று ஓடியது. ஒன்றும் அகப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கொடியில் தொங்கிய வேட்டியின் நுனியில் தண்ணீர் திரண்டு, கனத்து, விழப்போகும் நேரத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அந்தத் தம்ளரைக் காட்டினார்கள். தம்ளரை மட்டும். முக்கால் அளவு தண்ணீர், பின்னால் ஆற்றின் வெளிச்சம். வெளிச்சம் கண்ணாடிக்குள் புகுந்து, தண்ணீரில் வளைந்து, ஜன்னல் விளிம்பில் பொன்னிறமாக ஒரு வட்டம் போட்டது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சாமான். எதிரில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா?

"ஒதுக்கு!" என்றாள் லென்ஸ்.

தொழிற்சாலை இரைச்சலைத் தாண்டிப் போகிற குரல் அது. அமைதியான அரங்கில் அது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. ஒருவர் சிரித்தார். முன்னால் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கொட்டாவி விட்டவருக்கு முழிப்பே வந்துவிட்டது. அண்ணி மட்டும் அசையவில்லை.

லென்ஸுக்கு இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

மெக்கானிக் பாப்கார்ன் வாளிக்கு மேலாகச் சாய்ந்தான். "என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. வேலை ஞாபகம். அந்த கிளாஸ்ல விரிசல் இருக்கு."

"எங்க?"

"அடியில. இடது பக்கம். முடி மாதிரி."

அவன் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தான். ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தான், மறுபக்கம் சாய்ந்து பார்த்தான். "எனக்குத் தெரியலைங்க" என்று ஒத்துக்கொண்டான். தெரிந்த மாதிரி தலையாட்டவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

"எனக்கு வேற ஒண்ணு கேக்குது" என்றான் கொஞ்சம் கழித்து.

"என்ன?"

"அந்த வீட்டுக்குள்ள ஒரு ஃபிரிட்ஜ் ஓடுது. காட்டல. ஆனா ஓடுது. கேஸ் கம்மியா இருக்கு. ஓடி நிக்கும்போது ஒரு இருமல் வருது பாருங்க... இப்போ."

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஆற்றுச் சத்தம். காற்று. அதற்கும் அடியில், எங்கோ, ஒரு முனகல். அது நின்றபோது சின்னதாக ஒரு உதறல்.

"ஆமா!" என்றாள்.

"ஆறு மாசமா அவங்க யாரையும் கூப்பிட்டுக் காட்டல" என்றான் அவன் மிகுந்த வருத்தத்தோடு. லென்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவன் எதற்கு என்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தான். இந்த ஆளோடு ஒரு வீட்டில் இருக்கலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாயைத் திறந்தால் போதும்.

திரையில் பனிமூட்டம் வந்தது.

ஆறு மறைந்தது, தூண் மறைந்தது, ஜன்னல் மறைந்தது. திரை முழுக்க வெள்ளை. அரங்கமே வெளுத்தது. பதினோரு பேரில் மிச்சம் இருந்தவர்களின் முகமெல்லாம் பட்டப்பகலில் உட்கார்ந்திருப்பது மாதிரி தெரிந்தது. பக்கத்து இருக்கையின் கைப்பிடியில் மெக்கானிக்கின் கை இருந்தது. அவள் பார்க்க நினைக்கவில்லை. பார்த்துவிட்டாள்.

மோதிர விரலின் அடியில் ஒரு வளையம். தோல் அங்கே மட்டும் வெளுத்து, லேசாக இடுங்கி இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், பொருக்குத் தட்டியிருந்தது. ஒருநாள் இரண்டுநாள் மோதிரம் போட்டால் அப்படி ஆகாது. வருடக்கணக்கில் இருந்த மோதிரம். கழற்றி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.



கண்ணில் பட்டதை அடக்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. "மோதிரம் எங்க?" என்று கேட்டாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு, இழுத்தது தப்பு என்று பட்டதோ என்னவோ, மெதுவாக மறுபடி அதே இடத்தில் வைத்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். சட்டென்று விளக்குகள் எல்லாம் எரிந்தன. இடைவேளை.

"முடிஞ்சுதா?" என்று அண்ணி எழுந்து உட்கார்ந்தாள்.

லென்ஸ் அண்ணியின் கையைப் பிடித்து நேராகப் பெண்கள் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கை கழுவுகிற தொட்டியின் முன்னால் நிறுத்தினாள்.

"அவருக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?"

அண்ணி கண்ணாடியில் தன் பொட்டைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"அண்ணி."

"கல்யாணம் இல்ல. நிச்சயம். மோதிரம் மாத்தினதோட நின்னுபோச்சு. அந்தப் பொண்ணு வீட்டுல வேற இடம் வந்துச்சாம், மாறிட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"அவருக்குத் தெரியாம எனக்கு எப்படித் தெரியும்? அவங்க அம்மாவே சொன்னாங்க. நாங்க மூணு பேரும்தான் இப்போதைக்குச் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணினோம். சொன்னா நீ வந்திருப்பியா? வாசல்லயே ஒதுக்கிருக்க மாட்டே?" அண்ணி திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "நீ இந்த வீட்டை விட்டுப் போகணும்னு நான் நினைக்கிறேன்னு நினைக்காத. நீ போயிட்டா எனக்குத்தான் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது. ஆனா அந்தப் பையன் போன் வந்த அன்னிக்கு உன் மூஞ்சியை நான் பார்த்தேன்டி. எனக்கும் கண்ணு இருக்கு."

லென்ஸ் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். அழுக்கே இல்லாத கையை ரொம்ப நேரம் கழுவினாள்.

"சரி, வீட்டுக்குப் போலாமா?" என்றாள் அண்ணி. "உன் அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். திட்டுனா திட்டட்டும்."

"படம் பாதிதானே ஆச்சு."

"அதுல இன்னும் என்ன இருக்கு? ஆறு. தண்ணி. கிளாஸ்."

"கிளாஸ் என்ன ஆச்சுன்னு பார்க்கணும்" என்றாள் லென்ஸ்.

திரும்பி வந்தபோது அவன் இருக்கையில் இல்லை. போய்விட்டான் என்று நினைத்தாள். நினைத்ததும் கண் வாசலுக்கு ஓடியது. அப்புறம் பார்த்தால் மூன்று காகிதக் கோப்பைத் தேநீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்து வந்துகொண்டிருந்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அண்ணிக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று கொடுத்தான். 

விளக்கு அணைந்ததும் லென்ஸ் பாப்கார்ன் வாளியை எடுத்துத் தன் இருக்கையில் வைத்துவிட்டு நடு இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள். அண்ணி பார்த்தாள். தேநீரை உறிஞ்சிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரையில் மழை. அளவெடுப்பவன் வரவில்லை. ஜன்னலில் தம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது; எடுத்துக் குடிக்க ஆள் இல்லை.

"சொல்லுங்க" என்றாள் லென்ஸ். மழைச் சத்தத்துக்குள் பேசலாம் போல இருந்தது.

அவன் சொன்னான். அண்ணி சொன்ன அதே கதைதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை.

"நின்னுபோய் ரெண்டு வருஷம் ஆச்சு. மோதிரத்தை ஏன் போட்டிருந்தீங்க?"

"முதல் ஆறு மாசம் மனசு வரல. அதுக்கப்புறம் கழட்டலாம்னு பார்த்தா விரல் விடல. தடிச்சுப்போச்சு." கொஞ்சம் தயங்கினான். "சோப்பு போட்டேன். நூல் கட்டினேன். வரல. போன வாரம் கடையில ஃப்ரீஸருக்குள்ள கையை விட்டுக்கிட்டு உக்காந்தேன். குளுந்தா விரல் சுருங்கும்ல."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். விரல் சுருங்குச்சு. மோதிரமும் சுருங்கிடுச்சு போல. கடைசியில கூட வேலை செய்யறவன் பைப் வெட்டற கட்டர் எடுத்துட்டு வந்து வெட்டினான். அதுல பட்டதுதான் இந்தக் கீறல்."

லென்ஸ் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஃப்ரீஸருக்குள் கையை விட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பல் தந்தியடிக்க இவன் உட்கார்ந்திருந்த காட்சி மனதில் வந்ததும் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "உஷ்" என்றார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபின் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நான் கேக்கலன்னா சொல்லியிருப்பீங்களா?"

 திரையில் மழை விட்டது. ஜன்னல் மரத்தில் ஒரு எறும்பு ஏறியது. தம்ளரைச் சுற்றிப் போயிற்று. மறுபக்கம் இறங்கியது. அவ்வளவு நேரமும் அவன் யோசித்தான்.

"வரும்போது சொல்லணும்னுதான் வந்தேன்" என்றான். "படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு. அப்புறம் நீங்க அந்த கிளாஸைப் பார்த்து சத்தம் போட்டீங்க. பேசினோம். நல்லா இருந்துச்சு. இதை ஏன் கெடுக்கணும்னு ஆயிடுச்சு. இன்னிக்குச் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன்."

சொல்லியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. அது ஒன்றும் கண்ணுக்குத் தெரிகிற விஷயமில்லையே. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக, இரண்டு நொடிக்கு மேல், நிதானமாகப் பார்த்தாள். இடது புருவத்தில் கொஞ்சம் முடி இல்லை. தாடையில் சவரம் செய்யாமல் விட்டுப்போன ஒரு திட்டு. கண்ணுக்கடியில் களைப்பு. பார்க்கிறாள் என்று தெரிந்தும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முன்னால் நிற்பது மாதிரி, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

அவன் கண்தான் முதலில் திரைக்குப் போயிற்று. கைப்பிடியை இறுகப் பிடித்தான்.

"ஐயோ, நீங்க சொன்னது!"

தம்ளரில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் குடிக்காமலே இறங்கியது. அடியில், இடது பக்கம், மரத்தில் ஈரம் கறுப்பாகப் படர்ந்தது. சொட்டுச் சொட்டாக ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. அரங்கில் யாரோ "அடடா" என்றார்கள். முன்வரிசைப் பெரியவர் முழுசாகத் திரும்பி, இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நீங்க இந்தப் படத்தை முன்னாடியே பார்த்துட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படிம்மா?"

"அவங்க வேலையே அதுதாங்க" என்றான் மெக்கானிக். அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

படத்தில் அந்தப் பெண் வந்தாள். காலியான தம்ளரைப் பார்த்தாள். அவன்தான் வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தாள். மறுபடி நிரப்பி வைத்தாள். மறுநாளும் காலி. அவள் முகத்தில் நாளுக்கு நாள் வெளிச்சம் கூடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தாங்கவில்லை. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ அவள் விரல் ஈரத்தில் பட்டது. தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரிசலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் தண்ணீர் ஊற்றி அதே இடத்தில் வைத்தாள்.

"தப்பு" என்றாள் லென்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "தூக்கிப் போடணும். உதடு கிழிஞ்சிரும்."

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்போ நான்?" என்று கேட்டான்.

"நீங்க கிளாஸா?"

  இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் அளவெடுப்பவன் வந்தான். ஏன் வரவில்லை, எங்கே போயிருந்தான் என்று படத்தில் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கையில் கட்டுப் போட்டிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். எழுத முடியாததால் எண்ணை வாய்விட்டுச் சொன்னான். ஜன்னலில் இருந்த பெண் உள்ளே போய் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து அதை எழுதினாள். ஆறு ஓடியது. திரை இருண்டது.

எழுந்து போக யாருக்கும் தோன்றவில்லை. பெயர்கள் எல்லாம் மேலே ஏறி முடிகிறவரை ஐந்தாறு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"கல்யாணம் ஆச்சா அவங்களுக்கு?" என்று கேட்டாள் அண்ணி, வெளியே வரும்போது.

"காட்டல அண்ணி."

"அப்போ எதுக்கு ரெண்டு மணி நேரம்?"

வெளியே இன்னும் வெயில் இருந்தது. அரங்கத்து இருட்டிலிருந்து வந்த கண்ணுக்குச் சாலை முழுக்கக் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. ஒரு வண்டிக்காரர் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எதிர்க் கடையின் கதவில் சூரியன் தெறித்தது. லென்ஸ் எல்லாவற்றையும் வழக்கத்தைவிட மெதுவாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக்கின் போன் அடித்தது. எடுத்தான்.

"அம்மா... ஆமா, இப்போதான் முடிஞ்சுது... இல்லம்மா, இன்னும் கேக்கல... அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா... எதுன்னா, அதுதான்... இல்ல, கோவமான்னு எனக்கு எப்படித் தெரியும்..."

அண்ணி லென்ஸின் முகத்தையே பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் முந்தானை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அண்ணி கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

லென்ஸ் கையை நீட்டினாள். "குடுங்க."

அவன் புரியாமல் விழித்தான். பிறகு போனைக் கொடுத்தான்.

"வணக்கம் அத்தை" என்றாள் லென்ஸ்.

முந்தானை சுருட்டிய கை நின்றது. மெக்கானிக் சாலையைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், மறுபடி சாலையைப் பார்த்தான்.  போனின் அந்தப் பக்கத்தில் இருமல் மாதிரி ஒன்று கேட்டது.

"படம்... படம் எப்படிம்மா இருந்துச்சு?"

"நீளம் அத்தை. ஆனா நல்லா இருந்துச்சு. ஒண்ணு சொல்லணும். மோதிரத்தை வெட்டின இடத்துல கீறல் இன்னும் ஆறல. மருந்து போடாம விட்டிருக்காரு. கொஞ்சம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னா அவன் எங்கம்மா கேக்குறான்" என்றாள் அந்த அம்மாள். "நீயே சொல்லு."